தமிழிலிருந்து தமிழுக்கு

புளியன்விளை சபையின் பிரசங்க பீடம் ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பாட்டு முடிந்து இரண்டாம் பாட்டு தொடங்குவதற்குள், தான் நின்ற மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தில் இடம் தேடிப் போகிற வயசாளியைப்போல யாருடைய பாயையும் மிதிக்காமல் வளைந்து வளைந்து நடந்து, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்சியாள் டீச்சருக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. தேக்கு மரம், கனத்த மரம், ஆண்கள் பலபேர் மூச்சைப் பிடித்துத் தூக்கினால்தான் நகரும். ஆனால் அன்றைக்கு அதன்மேல் போட்டிருந்த ஊதா வெல்வெட் துணியின் குஞ்சம்கூடக் கலையவில்லை. டீச்சர் காலை மடக்கி அதற்கு இடம் விட்டார். பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை அதன் உள்தட்டில் வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடினாள். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்த சிகாமணி சார், இரண்டாம் பாட்டைப் பாடத் தொடங்கிக்கொண்டே, இனி ஒரு கமிட்டிக் கூட்டம் போட வேண்டியிருக்கும் என்று நினைத்தார்.

ஆராதனை முடிந்ததும் பீடத்தைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். அடுத்த ஞாயிறும் அது இறங்கியது. கொத்தனாரைக் கூப்பிட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், தரையில் பழுதில்லை. தச்சரைக் கூப்பிட்டுப் போல்ட் அடித்தார்கள், பீடம் போல்ட்டுகளைக் கழற்றி மேடையிலேயே ஒழுங்காக வைத்துவிட்டு இறங்கியது. பெண்களை வலது பக்கமும் ஆண்களை இடது பக்கமும் மாற்றி உட்காரவைத்தார்கள், அது வலது பக்கம் போனது. டீச்சரைச் செருப்பு கிடக்கிற வாசல் ஓரத்துக்கு அனுப்பினார்கள், அது அங்கேயும் போனது. கடைசி வரிசைப் பெண்களுக்குச் சாய்ந்து உட்கார நல்லதாகப் போயிற்று. பால்குடிப் பிள்ளைகளை அதன் நிழலில் படுக்கப்போட்டார்கள். ஏன் வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு. எப்போது திரும்பப் போகும் என்றுதான் ஆண்கள் கேட்டார்கள், பெண்கள் அதையும் கேட்கவில்லை.

பெர்சியாள் டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஞாயிறு பள்ளியில் அந்த ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் வசனம் படிப்பித்தவரும் அவர்தான். சபையின் சட்டப்படி பன்னிரண்டு வயது வரைக்கும் ஆண்பிள்ளைக்குப் பெண் போதிக்கலாம். பன்னிரண்டு முடிந்த மறுநாள் அவன் ஆண், அதற்குப் பிறகு டீச்சர் அவனுக்குப் போதிக்கக்கூடாது, அவன்தான் டீச்சருக்குப் போதிக்க வேண்டும். மூக்கு ஒழுக அவர் முன்னால் உட்கார்ந்திருந்த துரைராஜ் இப்போது பாஸ்டர், வசனம் மறந்து முழித்த செல்லத்துரை இப்போது மூப்பர். பெண்கள் சபையில் சாட்சி சொல்லலாம், செய்தி சொல்லக்கூடாது. சாட்சி என்றால் கீழே நின்று, முக்காடு போட்டு, தன் வீட்டில் நடந்ததைச் சொல்வது. செய்தி என்றால் மேலே நின்று அடுத்த வீட்டில் நடக்க வேண்டியதைச் சொல்வது. இந்த வித்தியாசம் டீச்சருக்கு நன்றாகத் தெரியும், அதனால் பீடம் வந்து நின்றபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

கஷ்டப்பட்டவர் பாஸ்டர்தான். அவருக்குக் கால் இருப்பதைச் சபை அப்போதுதான் கவனித்தது. பீடம் இல்லாத மேடையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், முதுகுக்குப் பின்னால் கட்டினார், கட்டினால் ஹெட்மாஸ்டர்முன் நிற்கிற மாதிரி இருக்கவே அவிழ்த்தார். சொன்னதெல்லாம் வழக்கமாகச் சொல்வதுதான், ஆனாலும் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தபோது இருந்த கனம் அதில் இல்லை. ஜனங்கள் நெளிந்தார்கள், சிலர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள்.

கமிட்டி கூடியது. மூப்பர் செல்லத்துரைதான் வழி கண்டுபிடித்தார்.

"போன வருஷம் கன்வென்ஷனுக்கு வெள்ளக்கார சிஸ்டர் வந்து பிரசங்கம் பண்ணல்லியா? யாராவது வாயத் தொறந்தோமா?"

"அது வேற. அவிய இங்கிலீஷ்ல பேசுனாவ," என்றார் பாஸ்டர்.

"அதத்தான் நானும் சொல்லுதேன் ஐயா. அவிய பேசுனது யாருக்கு வெளங்கிச்சு? நம்ம காதுல விழுந்தது சிகாமணி சார் சத்தம். ஆம்பள சத்தம். அதனால சட்டம் மீறல்ல. அதே மாதிரி டீச்சர் கீழ நின்னு சாட்சியா சொல்லட்டும், சார் மேடையில நின்னு மொழிபெயர்க்கட்டும். பீடத்துக்கும் மரியாத, சபைக்கும் மரியாத."

"எந்த மொழியில இருந்து மொழிபெயர்க்க?"

"தமிழ்லருந்து."

"எந்த மொழிக்கு?"

"தமிழுக்குத்தான். நமக்கு வேற என்ன தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டியவர் சிகாமணி சார். உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார், ஒரு மொழிக்கும் இன்னொரு மொழிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் அவருக்குத்தான் தெரியும். ஆனால் எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ ரெண்டு மைக் வேணும்," என்றார்.

சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்க் கன்வென்ஷன் என்றாலும் மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேசுகிறவர் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்குவதற்குள் சார் அதை எடுத்து, கல் பொறுக்கி, உமி புடைத்து, சபைக்குக் கொடுத்துவிடுவார். வெள்ளைக்காரர் தன் நாய்க்குட்டி கட்டிலில் படுத்துக்கொள்வதைப்பற்றிச் சொன்னால் சார் அதை ஆட்டுக்குட்டி ஆக்கித் தொழுவத்தில் கட்டிவிடுவார். சபை ஜீரணிக்க முடியாததைச் சபைக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது என்று இரண்டும் தெரிந்த யாரோ ஒருவர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னபோது டீச்சர் கேட்டுக்கொண்டார். "சரி சார். ஆனா நான் சொன்னதச் சொல்லணும்."

"அதுதான டீச்சர் என் வேலையே."

அப்படியாகப் புரட்டாசி முழுக்க நடந்தது. டீச்சர் பீடத்துக்குப் பின்னால் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்வார். சபை தலையைக் குனிந்து, நகத்தைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்து காத்திருக்கும். சார் மேடையிலிருந்து அதைத் திரும்பச் சொல்வார். சபை நிமிர்ந்து ஆமென் சொல்லும், எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள். முதலில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு டீச்சர் "நீங்க" என்றதைச் சார் "நாம்" ஆக்கினார். "பொய் சொல்லுறீங்க" என்றதை "சில வேளைகளில் நாம் தடுமாறுகிறோம்" ஆக்கினார். "பொம்பளப் பிள்ளைக்குப் பங்கு குடுக்காம ஏமாத்தாதீங்க" என்று டீச்சர் சொன்னது மேடைக்குப் போய், "பரலோகத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு" என்று திரும்பி வந்தது. ஆமென் என்றது சபை. இரண்டும் தமிழ்தான், இரண்டும் எல்லாருக்கும் கேட்டது, என்றாலும் முதல் தடவை கேட்டதைக் கேட்டதாக வைத்துக்கொள்ளாமல் இருக்கச் சபை சீக்கிரமே பழகிவிட்டது. பக்கத்து ஊர்ச் சபைகளில் இருந்து வேன் பிடித்து வந்து பார்த்து, நல்ல ஏற்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பலகையில் தப்பாகக் கணக்குப் போடுகிற பையன் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோலக் காத்திருந்து, டீச்சர் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் சிகாமணி சாரின் மகள் பியூலா, கையில் ஒரு பையோடு, பஸ்ஸில் ஏறி வந்து அப்பா வீட்டு வாசலில் நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது, முன்பல் ஒன்று பாதியாக இருந்தது. மாப்பிள்ளை ஜெபசிங் பாஸ்டரின் அக்கா மகன்; ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான், பார்க்கிறவர்களுக்கு அழுகை வரும். நடந்ததைப் பியூலா அம்மா லீதியாளிடம் ஒரு தடவை சொன்னாள். அடுப்படியில் சொன்னது முன்னறையில் இருந்த சாருக்கும் கேட்டது.

அவருக்கு முதலில் வந்தது வெட்கம். மகள் அடிபட்டாளே என்று வந்த வெட்கம் அல்ல. எதிர்வீட்டார் பார்த்திருப்பார்களே என்று வந்த வெட்கம். அம்மாவுக்கு மூட்டுவலி, துணைக்கு வந்திருக்கிறாள் என்று கேட்டவர்களிடம் சொன்னார். லீதியாளின் மூட்டில் ஒரு வலியும் இல்லை, ஆனாலும் அவர் சொன்ன பிறகு அவள் வாசலுக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் நொண்ட வேண்டியிருந்தது.

பாஸ்டர் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பி குடித்தார்கள். ஜெபசிங் தலையைக் குனிந்து, கோபம் வந்துவிட்டது மாமா, என்றான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரையும் முழங்காலில் நிறுத்தி ஜெபித்து, அப்படியே அனுப்பிவைப்பது என்று பாஸ்டர் சொன்னார். சார் தலையை ஆட்டினார்.

"அவளயும் ஒரு வார்த்த கேளுங்க," என்றாள் லீதியாள், டம்ளர்களை எடுத்தபடி.

"கேக்காம என்ன, ஜெபத்துல வச்சிக் கேப்போம்," என்றார் பாஸ்டர்.

அவர்கள் போன பிறகு பியூலா அப்பாவிடம் வந்தாள். சிறுபிள்ளையாக இருந்தபோது மார்க் குறைந்த பேப்பரில் கையெழுத்து வாங்க வந்து நிற்பாள், அதே இடத்தில் நின்றாள்.

"எனக்கு அங்க போக பயமா இருக்குப்பா. ஒங்க வாயால போகாதன்னு ஒரு தடவ சொல்லிருங்க. எல்லார் முன்னாலயும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"சபை என்ன சொல்லுதோ அதக் கேப்போம் மக்களே."

"சபையில பேசுறதே நீங்கதானப்பா," என்றாள் பியூலா.

ஞாயிறு வந்தது. மழை விட்டிருந்தது. பீடம் வழக்கம்போல இறங்கிப் போய்த் தன் இடத்தில் நின்றது. பியூலா டீச்சருக்குப் பின்னால் அம்மாவோடு உட்கார்ந்து, பல் தெரியாமல் வாயைப் பெரிதாகத் திறக்காமல் பாடினாள். டீச்சர் எழுந்தார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வாசலில் பியூலா தோத்திரம் சொன்னபோது பாதிப் பல் அவர் கண்ணில் பட்டிருந்தது, வீங்கிய மணிக்கட்டுக்கு மூட்டுவலிக் கதை சொல்கிற வீடுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"பியூலாவ அந்த வீட்டுக்கு அனுப்பாதீங்க," என்றார்.

அவ்வளவுதான் வாக்கியம். கல் பொறுக்க அதில் ஒன்றும் இல்லை. சிகாமணி சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாலு சொல்லையும் அப்படியே எடுத்துத் தன் வாயால் திரும்பச் சொன்னால் போதும், மகள் கேட்டதும் அதுதான், டீச்சர் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் அதுதான். ஆனால் எதிரே பாஸ்டர் இருந்தார், பக்கத்தில் கீபோர்டுக்குப் பின்னால் ஜெபசிங் இருந்தான், சபை நகத்தைப் பார்த்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது, நிமிரும்போது என்ன முகத்தோடு நிமிருமோ என்று நினைத்தார், தையில் வரப்போகிற கன்வென்ஷனை நினைத்தார், அதை நினைத்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டார், திட்டிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"நம்முடைய குடும்பங்களுக்காக நாம் ஜெபிக்க வேண்டும்."

ஆமென் என்றது சபை. எத்தனையோ வாரங்களில் முதல் முறையாக டீச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை.

"அவன் அவள அடிச்சிப் பல்ல ஒடச்சிருக்கான். திரும்ப அனுப்பாதீங்க."

"பொறுமை இருந்தால் இடிந்த வீடும் கட்டப்படும் என்று சகோதரி சொல்லுகிறார்கள்."

ஆமென், முன்னைவிடச் சத்தமாக. டீச்சர் மூன்றாவது தடவை பேசவில்லை. பீடத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சாரையே பார்த்தார். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்க வேண்டும் என்பது மொழிபெயர்ப்புக்காரர்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம்; சிகாமணி சார் அந்த மௌனத்தையும் மொழிபெயர்த்தார்.

"சகோதரி இத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். தேவனுக்கே மகிமை."

பியூலா எழுந்தாள். முக்காடு தோளில் விழுந்ததை அவள் எடுத்துப் போடவில்லை. மைக் இல்லாமலே அவள் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

"டீச்சர் சொன்னது எங்க அப்பாவுக்குக் கேட்டிச்சி. ஒங்க எல்லாருக்கும் கேட்டிச்சி."

சொல்லிவிட்டுப் பாய்களுக்கு நடுவே வெளியே நடந்தாள். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். லீதியாள் வீட்டுச் சாவியை மேடை ஓரத்தில், கணவருடைய காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நொண்டாமல் நடந்து போனாள். கடைசியாகப் பீடம் போனது, வாசல்படியில் கொஞ்சம் சாய்ந்து இறங்கி, ஈரமண்ணில் தடம் பதித்து, தெருவில் அவர்களோடு சேர்ந்துகொண்டது. மற்றவர்கள் யாரும் எழவில்லை. ஜெபசிங்கின் விரல் ஒரு கட்டையை அழுத்தியபடியே இருந்தது, அந்த ஒற்றைச் சத்தம் பெட்டியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"சார், நீங்களே ஜெபம் பண்ணி முடிச்சிருங்க," என்றார் பாஸ்டர். சார் ஜெபம் பண்ணினார். முடிந்ததும் ஆண்கள் வந்து கை கொடுத்தார்கள். நல்லா சமாளிச்சீங்க சார், என்றான் ஒருவன், உண்மையான அன்போடு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் சிகாமணி சாருக்கு வெட்கம் வந்தது, எதிர்வீட்டைப் பற்றியது அல்லாத வெட்கம், காதில் தொடங்கிக் கழுத்துவழியாக இறங்கிச் சட்டைக்குள் எல்லாம் பரவிய வெட்கம். மகள் கேட்டது ஒரே ஒரு சொல். அதைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை வேறு எதையோ கொடுத்திருக்கிறார். சாவியை எடுத்தார், வீட்டுக்குப் போகவில்லை, டீச்சர் வீட்டை நோக்கி நடந்தார். வழியெல்லாம் அந்தச் சொல்லை, மறந்துவிடுமோ என்று பயந்தவராக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார்.

டீச்சர் வீட்டு முற்றத்தில் பீடம் நின்றது. வெல்வெட் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, அதன்மேல் பியூலாவின் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். பியூலா வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றே அவர் சொன்னார்.

"போகாத மக்களே."

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் போகல்லியேப்பா. இங்கதான இருக்கேன்," என்றாள். பிறகு, "காலையில சாப்பிடாமதான வந்தீங்க? அம்மா சோறு வடிச்சிட்டு இருக்கா," என்றாள்.

அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. வேண்டிய இடத்தில் கொடுக்காததை வேண்டாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவருக்கே தெரிந்தது. எல்லார் முன்னாலும் என்றுதானே அவள் கேட்டாள். அவர் திரும்பினார். சபை கலைந்து ஜனங்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, முன்னால் மூப்பர் செல்லத்துரை. சிகாமணி சார் தெரு நடுவில் போய் நின்றார். பிடித்துக்கொள்ள முன்னால் ஒன்றும் இல்லை.

"என் மகள அவன் அடிச்சிருக்கான். பல்ல ஒடச்சிருக்கான். நான் அனுப்ப மாட்டேன். டீச்சர் சொன்னதுதான் சரி, நான்தான் மாத்திச் சொன்னேன்."

ஜனங்கள் நின்றார்கள். ஒருவன் தன் நகத்தைப் பார்த்தான். ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் பொறுமையாக, யாருக்கோ காத்திருந்தார்கள். மூப்பர் செல்லத்துரை முன்னால் வந்து சாரின் தோளில் கை போட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சார் ரொம்ப மனசு ஒடஞ்சி இருக்காவ. குடும்பங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுதாவ."

ஆமென் என்றார்கள் எல்லாரும், நிமிர்ந்து. பழக்கத்தில் சிகாமணி சாரின் உதடும் அசைந்தது. வாசல்படியில் இருந்து பியூலா அதைப் பார்த்தாள்.